மாமரத்தடியில் நின்ற சிலிண்டர்: இலங்கையின் 2021 காஸ் விபத்துகளும் ஒரு குசினியும்

2021 டிசம்பர் முதல் கிழமை கோண்டாவிலில் மாமி வீட்டுக்குப் போனேன். குசினியில் காஸ் சிலிண்டரைக் காணவில்லை. முற்றத்து மாமரத்தடியில், நனைத்த சாக்கு ஒன்றைப் போர்த்தபடி நின்றது. உள்ளே பத்து வருடமாகத் தொடாத விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளை அடித்த சுவரில் புதுக்கரி ஏறியிருந்தது.

"தம்பி, அதை உள்ளுக்குக் கொண்டுவரப் பயமாக் கிடக்கு. படுத்திருக்கேக்க வெடிச்சா நான் என்ன செய்யிறது?" என்றார் மாமி.

அவர் மட்டும் அப்படி இருக்கவில்லை. அந்த நாட்களில் இலங்கையின் எந்தப் பக்கம் போனாலும் முற்றத்தில், கிணற்றடியில், மதிலோரத்தில் சிலிண்டர் நிற்பதைக் காணலாம். நான் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறவன். காஸ் சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. புரொப்பேனுக்கு மூன்று காபன், பியூட்டேனுக்கு நான்கு என்று எத்தனையோ வருடமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். அந்த ஒரு காபன் வித்தியாசம் ஒரு நாட்டின் குசினிகளையே காலியாக்கியது எப்படி என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன்.

அந்த வருடம் நடந்தது

2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாவுக்குப் போனது. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் வெடிப்புச் செய்திகள் வரத் தொடங்கின. நவம்பர் 20 அன்று கொழும்பு குதிரைப் பந்தயத் திடல் கட்டடத்தில் ஓர் உணவகம் வெடிப்பில் சிதைந்தது. அதுவும் காஸ் கசிவோடுதான் தொடர்புபடுத்தப்பட்டது. அப்புறம் வீடுகள். சமைத்துக்கொண்டிருக்கும்போது அடுப்பின் கண்ணாடித் தட்டு தூள்தூளாகப் போன வீடு, விடியப்புறம் லைட்டைப் போட்டதும் பற்றிய வீடு, குழாய் கழன்று தீயைக் கக்கிய வீடு. வருடத்துக்கு ஒன்றிரண்டாகக் கேள்விப்பட்ட விஷயம் சில கிழமைகளுக்குள் நூற்றுக்கணக்கில் வந்தது. உயிர்களும் போயின.

மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்றை ஜனாதிபதி நியமித்தார். சிலிண்டருக்குள் இருந்த கலவையின் விகிதம் மாறியதே பிரதான காரணம் என்று டிசம்பரில் அந்தக் குழு சொன்னது. இலங்கை வீடுகளில் காலம் காலமாக எரிந்தது பியூட்டேன் பெரும்பங்காக இருந்த கலவை. அதில் புரொப்பேனைக் கூட்டியிருந்தார்கள், பாதிக்குப் பாதி வரை. அதே டிசம்பரில், மணமூட்டும் பொருள் போதாது என்று கப்பலோடு வந்த காஸும் திருப்பி அனுப்பப்பட்டது.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "சிலிண்டர் வெடிச்சிட்டுதாம்" என்றுதான் எல்லோரும் கதைத்தார்கள். ஆனால் பெரும்பாலான இடங்களில் சிலிண்டரின் இரும்பு முழுசாகத்தான் இருந்தது. போனது அடுப்பு, குழாய், ரெகுலேட்டர், அல்லது அறையில் தேங்கி நின்ற வாயு. மாமி முற்றத்துக்குக் கொண்டுபோய் வைத்தது சிலிண்டரை. சந்தேகப்பட வேண்டிய குழாயும் ரெகுலேட்டரும் குசினி மேசையில் சுருட்டி வைத்தபடி கிடந்தன.

ஒரு காபன் என்ன செய்யும்

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அதைக் குலுக்கினால் சளசளவென்று சத்தம் கேட்கும். திரவம் தன்பாட்டில் கொதித்து ஆவியாகிறது, அந்த ஆவிதான் குழாயால் வருகிறது. பியூட்டேன் கொதிப்பது ஏறத்தாழப் பூச்சியம் பாகையில். புரொப்பேனோ பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே கொதித்துவிடும். யாழ்ப்பாணத்து 30 பாகை வெயிலில் புரொப்பேன் எவ்வளவு துடிக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுத்தக் கணக்கில் சொல்கிறேன், வெளிக்காற்றைவிட எவ்வளவு கூட என்று. அலகு பார். ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். 30 பாகையில் தனிப் பியூட்டேன் சிலிண்டருக்குள் கொடுக்கும் அழுத்தம் 2 பாருக்குக் கிட்ட. தனிப் புரொப்பேன் 10 பாருக்குக் கிட்ட. ஐந்தில் ஒரு பங்கு மட்டும் புரொப்பேன் உள்ள கலவையில் அது மூன்றரை பார் அளவில் நிற்கும். பாதிக்குப் பாதி கலந்தால் ஆறு பாரை நெருங்கும். சிலிண்டரின் இரும்புக்கு இது பெரிய விஷயமே இல்லை. அதை இருபது பாருக்கு மேல் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். கஷ்டம் ரெகுலேட்டருக்கு. வீட்டு அடுப்புக்குத் தேவை ஏறத்தாழ 0.03 பார்தான். உள்ளங்கை அளவான அந்தச் சாமான், முன்பு நூறு மடங்குக்குச் சற்று மேலாகக் குறைத்த அழுத்தத்தை இப்போது இருநூறு மடங்கு குறைக்க வேண்டும்.

நல்ல ரெகுலேட்டர் அதைச் செய்துவிடும். தேய்ந்தது தடுமாறும். உள்ளே சின்ன றப்பர் ஒன்று ஒரு துளையில் அமர்ந்துதான் வாயுவை நிறுத்துகிறது. அடுப்பை மூடியதும் அது இறுக்கமாக உட்கார வேண்டும். தேய்ந்திருந்தால் மயிரிழை இடைவெளியால் வாயு மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து குழாய்க்குள் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். அடுப்பு எரியும்போது இது தெரியாது, வருகிறது எல்லாம் எரிந்துவிடும். அடுப்பை மூடிவிட்டு ரெகுலேட்டரைத் திறந்தபடி விடும் இரவில்தான் குழாய் வீங்கும், கிளிப் தளர்ந்த இடத்தால் மூச்சு விடும். உள்ளே அழுத்தம் இரண்டு மடங்கானால் அந்த ஊர்தலும் அதற்கேற்பக் கூடும். விடியப்புற வெடிப்புகளைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும்.

இன்னுமொன்று. கலவையில் முந்திக்கொண்டு ஆவியாவது புரொப்பேன். பாதிக்குப் பாதி கலந்த புதுச் சிலிண்டரில் திரவத்தில் பாதிதான் புரொப்பேன் என்றாலும், மேலே நிற்கும் ஆவியில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். நாள் போகப் போகத்தான் பியூட்டேனின் பங்கு கூடி அழுத்தம் இறங்கும். ஆகவே சிலிண்டர் மாற்றிய முதல் சில நாட்களில்தான் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். கை வைத்துக் கழற்றிப் பூட்டிய மூட்டும் அப்போதுதான் புதிது.

மாமியின் மூக்கு

இந்த வாயுக்களுக்குச் சொந்த மணம் கிடையாது. நமக்கு மணப்பது எத்தில் மெர்காப்டன் என்ற, வேண்டுமென்றே சேர்க்கும் பொருள். 1937 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பாடசாலைக்கு அடியில் மணமில்லாத இயற்கை வாயு தேங்கி வெடித்து, ஏறத்தாழ 300 பிள்ளைகளும் ஆசிரியர்களும் இறந்துபோனார்கள். வாயுவுக்கு மணம் சேர்ப்பது கட்டாயம் என்று சட்டங்கள் வந்தது அதற்குப் பிறகுதான். அந்தப் பிள்ளைகளின் உயிரைக் கொடுத்து வாங்கிய மணம் அது. அது குறைந்த கப்பலைத் திருப்பி அனுப்பியது மிகச் சரியான வேலை.

ஆனால் மணம் இருந்து என்ன, மூக்கு வேலை செய்ய வேண்டுமே. 2021 செப்டெம்பரில் மாமிக்குக் கொரோனா வந்து போனது. மணம் திரும்பி வரவில்லை. கருவேப்பிலை தாளிப்பது கூடத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நாங்கள் யாரும் அதைக் காஸோடு சேர்த்து யோசிக்கவில்லை. வயது போனவர்களுக்கு மூக்கு மந்தமாவது சாதாரணம். அந்த வருடம் இளம் ஆட்களுக்கும் அப்படி ஆனது. தனியே இருக்கும் ஒருவர் வீட்டில் மூக்கை மட்டும் நம்பியிருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

சிரட்டையில் நுரை

அன்றைக்கு மத்தியானம் சிலிண்டரை உருட்டாமல் இருவராகத் தூக்கிப் பின் விறாந்தையில் நிமிர்த்தி வைத்தோம். அடுப்பையும் அங்கேயே கொண்டுவந்தோம். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பாத்திரம் கழுவும் திரவமும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் கெட்டியாக நுரைக்கவைத்து, பழைய பல்துலக்கும் தூரிகையால் ஒவ்வொரு மூட்டாகப் பூசினேன். அடுப்பு மூடியிருக்க வேண்டும், ரெகுலேட்டர் திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் குழாய் முழுக்க வாயு நிற்கும். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் ஆட்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

சிலிண்டர் வாய், ரெகுலேட்டர் பூட்டும் இடம், குழாயின் மேல்முனை எல்லாம் அமைதியாக இருந்தன. மாமி நிம்மதியாகி, "பாத்தியே, ஒண்டும் இல்லை" என்றார். இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று இருந்தேன்.

ஐந்து நிமிடம் கழித்து அடுப்புப் பக்க முனையில் நுரைக்குள் நுரையாக, மீன் சினை மாதிரிச் சின்னச் சின்னக் குமிழிகள் கட்டத் தொடங்கின. ஒன்று பெருத்து உடையும், அடுத்தது அதே இடத்தில் எழும்பும். துடைத்துப் பார்த்தால் அங்கே கிளிப் இல்லை. முந்தி யாரோ கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். கம்பி றப்பருக்குள் புதைந்து ஒரு பக்கம் வெடிப்பு விட்டிருந்தது. குழாயை வளைத்தேன். அடுப்பின் பின்பக்கச் சூடு பட்ட இடம் காய்ந்த முருங்கைக்காய் போல விறைத்து, மேலெல்லாம் கீறல் கீறலாக இருந்தது. அதில் அச்சிட்டிருந்த வருடம் 2012. ஒன்பது வருடம்.

முதலில் ஒன்றும் காட்டாமல் ஐந்து நிமிடம் கழித்துக் குமிழி வந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. குழாய்க்குள் அழுத்தம் ஏறிக்கொண்டு போயிருக்கிறது. அதாவது ரெகுலேட்டரும் தேய்ந்துவிட்டது. பழைய கலவையின் குறைந்த அழுத்தத்தில் இந்தக் கம்பிக்கட்டும் இந்த விறைத்த குழாயும் ஒன்பது வருடம் எப்படியோ ஓடியிருக்கின்றன. ரெகுலேட்டர், குழாய் இரண்டையும் அன்றைக்கே மாற்றினோம், இரண்டு முனைக்கும் திருகி இறுக்கும் கிளிப் போட்டோம். இப்போது இரண்டு வருடத்துக்கொருமுறை குழாயை மாற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். வெடிப்புத் தெரியும்வரை காத்திருப்பதில்லை.

வீட்டுக்காரர் மேல் எவ்வளவு பழி?

அந்த டிசம்பரில் மக்களுக்குக் கிடைத்த அறிவுரை முழுக்க "உங்கள் குழாயைப் பாருங்கள், ரெகுலேட்டரைப் பாருங்கள்" என்பதுதான். அறிவுரை சரி. மாமியின் குழாயே அதற்குச் சாட்சி. ஆனால் அது பாதி நியாயம்தான். சிலிண்டரின் நிறம் மாறவில்லை, வாய் மாறவில்லை, பெயர் மாறவில்லை. உள்ளே இருப்பது மாறியது என்று எந்த வீட்டுக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் முன்கூட்டியே குழாயை மாற்றியிருப்பார்கள். அரிசிப் பையில் கூட என்ன அரிசி என்று போட்டிருக்கும். வீட்டுக்குள் வைக்கும் எரிபொருளில் கலவை விகிதம் தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கேள்வி இல்லை.

கனடாவில் இருக்கும் மச்சாள் அப்போது தொலைபேசியில் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "இங்க நாங்கள் பாபகியூவுக்குப் பாவிக்கிறது முழுக்கப் புரொப்பேன்தானே. இது ஏன் வெடிக்கேல்லை?" உண்மைதான். அங்கே விற்பது ஏறத்தாழத் தனிப் புரொப்பேன். கடுங்குளிரில் பியூட்டேன் ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும், ஆகவே வேறு வழியில்லை. ஆனால் அங்கே வால்வும் ரெகுலேட்டரும் குழாயும் புரொப்பேனுக்கென்றே செய்யப்பட்டவை. அதைவிடப் பெரிய விஷயம், தாங்கி வீட்டுக்கு வெளியே நிற்கும். பாபகியூத் தாங்கியை உள்ளே, நிலவறையில், காரேஜில் வைக்கக் கூடாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரித்தானியாவிலும் சிவப்புப் போத்தல் புரொப்பேன், அது வெளியே. நீலப் போத்தல் பியூட்டேன், அதைத்தான் அறைக்குள் ஹீட்டருக்குப் பூட்டுவார்கள். புரொப்பேன் கெட்ட வாயு என்று சொல்ல வரவில்லை. பியூட்டேனுக்குப் பழகிய, வீட்டுக்குள் இருந்த ஒரு சாமான் கூட்டத்தில் சொல்லாமல் கொள்ளாமல் புரொப்பேனைக் கொண்டுவந்து பூட்டியதுதான் பிழை.

ஒரு குசினிக்கு எவ்வளவு போதும்

மாமியின் குசினி எட்டுக்குப் பத்தடி, உயரம் பத்தடி. காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் இந்த வாயு சேர்ந்தாலே பற்றக்கூடிய கலவை ஆகிவிடும். அறை முழுக்கச் சமமாகப் பரவினால் அதற்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைய வேண்டும். ஆனால் அது சமமாகப் பரவாது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. தண்ணீர் ஊற்றியது போல நிலத்தில் படிந்து, கதவின் கீழ் இடைவெளியால் அடுத்த அறைக்கு ஊரும். முழங்கால் உயரத்துக்கு மட்டும் தேங்கினால் 200 கிராம் போதும். ஓர் அடுப்பைப் பற்றவைக்காமல் ஒரு மணித்தியாலம் முழுதாகத் திறந்துவிட்டால் ஏறக்குறைய அவ்வளவு வந்துவிடும்.

அதனால்தான் மேலே யன்னல் இருப்பது மட்டும் காணாது. மாமி வீட்டில் பின்கதவின் அடியில், நிலத்தோடு ஒட்டி, பலகையில் துளைகள் போட்டோம். கொழும்புப் பக்கம் மாடிவீடுகளில் சிலிண்டரை அழகுக்காகப் பலகைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனம் கேட்பதில்லை. வைத்தே ஆக வேண்டுமென்றால் அந்தப் பெட்டியின் அடியிலாவது துளை போடுங்கள்.

மணம் வந்தால் கை தானாகச் சுவிச்சுக்குத்தான் போகும். அந்தக் கையைத்தான் பழக்க வேண்டும். லைட்டைப் போடுவதும் ஆபத்து, எரிகிற லைட்டை அணைப்பதும் அதே அளவு ஆபத்து, இரண்டிலும் பொறி பறக்கும். வாயுவை வெளியேற்றுவதாக நினைத்து மின்விசிறியைப் போடுவதும் அப்படித்தான். ரெகுலேட்டரை மூடி, கதவுகளை அகலத் திறந்து, எல்லோரும் வெளியே வந்த பிறகுதான் தொலைபேசி. மாமி வீட்டில் சாமியறை குசினிக்கு அடுத்தது, விடிய ஐந்து மணிக்கு விளக்குக் கொளுத்துவார். இப்போது எழும்பியதும் முதல் வேலை பின்கதவைத் திறப்பது, பிறகு முகம் கழுவுவது, அதற்குப் பிறகுதான் விளக்கு. குசினிக்குள் இருந்த குளிர்சாதனப் பெட்டியை முன்னறைக்கு மாற்றினோம். யாரும் தொடாமலே இரவில் தன்பாட்டில் ஓடி நிற்கும் சாமான் அது.

மூட்டில் தீப்பற்றினால் ரெகுலேட்டரையோ வால்வையோ மூடித்தான் அணைக்க வேண்டும். கிட்டப் போகமுடிந்தால் ஈரச்சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு மூடலாம். மூட முடியாத நிலையில் தீயை மட்டும் அணைத்துவிட்டால், எரியாத வாயு அறையில் நிறையத் தொடங்கும். அது எரிகிற தீயைவிட மோசம். அப்போது வெளியே ஓடுவதுதான் சரி.

2022 ஆடியில்

அடுத்த வருடம் காஸே இல்லாமல் போனது. வீதியோரத்தில் வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து, நாட்கணக்கில் வரிசை நின்றார்கள். மாமிக்கு ஒரு சிலிண்டர் கிடைத்தது ஆடி மாதத்தில். நான் ஏற்றிக்கொண்டு வந்து குசினி வாசலில் இறக்கினேன். கிழமைக்கணக்கில் விறகுப் புகையில் நின்ற மனுஷி, உடனே பூட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் உள்ளே போய்ச் சிரட்டையோடு வந்தார்.

மூடியைக் கழற்றி, ரெகுலேட்டர் பூட்டுவதற்கு முன்னமே சிலிண்டரின் வாய்க்குள் நுரையை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரேயொரு குமிழி. உடைந்தது, திரும்ப எழும்பியது. வாயால் ஒன்றும் சொல்லாமல் எனக்கு விரலால் காட்டினார்.

திரும்ப ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனோம். வரிசையில் நின்ற நூறு பேருக்கு முன்னால், காஸ் தட்டுப்பாட்டு நேரத்தில், ஒரு குமிழிக்காகச் சிலிண்டர் மாற்றக் கேட்பது லேசில்லை. கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். மாமி சிரட்டையை நீட்டி, "தம்பி, நீரே பூசிப் பாரும்" என்றார். அவர் பூசிப் பார்த்தார். ஒன்றும் கதைக்காமல் வேறு சிலிண்டரைத் தூக்கி வைத்தார். பிறகு அந்தச் சிரட்டையைத் திருப்பித் தராமலே, அடுத்து நின்றவருடைய சிலிண்டரின் மூடியைக் கழற்றத் தொடங்கினார்.